கடல் கடந்த கல்வியும் எல்லைப்புறத்து இளைஞரும்

கடல் கடந்து சென்று கல்வி பயில விரும்பும் இளைஞரின் தொகை நம் நாட்டில் பெருகி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைகளும் பெரிய வக்கீல் வீட்டுப் பிள்ளைகளும் மட்டுமே நினைக்கத்தக்கதாயிருந்த காரியம், இன்று யந்திரசாலைத் தொழிலாளியின் வீட்டிலும் மாந்தோப்புக் குடியானவரின் வீட்டிலும் பேசப்படுகிறது. இது மகிழத்தக்கதே. ஆயினும் அப்பேச்சு நடக்கும் விதத்தைக் கவனிப்பவருக்கு மகிழ்ச்சியோடு கவலையும் உண்டாகாமற் போகாது. எந்தச் சர்வகலாசாலை, எந்தப் பாடம், எவ்வளவு மார்க்கு, என்னென்ன பத்திரங்கள், எத்தனை ரூபாய் என்பனவற்றைப் பலர் தாமே படித்தறிவதில்லை. தரகர் சொல்வதை வேதவாக்காகக் கொண்டு நிலத்தை ஈடு வைக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியை முன்னிட்டு இவ்விஷயத்தை இன்று ஆராயப் புகுகிறோம்.

இப்பகுதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான கிருஷ்ணகிரி, தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லை. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்குக் குறையாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் வழங்கும் ஊர் ஓசூர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் அங்கே எழுந்தன. அண்மைக்காலத்தில் மின்சார வாகனத் தொழிலும் மின்னணுத் தொழிலும் ஜில்லாவெங்கும் பரவியுள்ளன. அந்த ஆலைகளில் வேலை செய்யும் தகப்பனுக்கு, யந்திரத்தை வடிவமைப்பவன் வேறு, அதை ஓட்டுகிறவன் வேறு என்பது கண்ணாரத் தெரியும். தன் மகனோ மகளோ முதல் வகையைச் சேர வேண்டுமென்று அவர் விரும்புவது இயல்பு. பெங்களூரின் பெரிய கம்பெனிகள் காட்டும் ஆசையும் அவ்விருப்பத்துக்கு நெய் வார்க்கிறது.

கல்விக்காக எல்லை தாண்டுவது இப்பகுதிக்குப் புதிதன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார், ஓசூரில் படித்து, அன்று மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த பெங்களூரின் சென்ட்ரல் காலேஜில் பயின்று, பின்னர்ச் சென்னையில் சட்டம் கற்றார். 1948-ல் அவர் இத்தேசத்தின் கவர்னர் ஜெனரலானபோது, லண்டன் சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் அவரிடம் இருந்ததில்லை. அயல்நாட்டுப் படிப்பே அறிவுக்கு முத்திரை என்று எண்ணுவோர் இதை ஒருகணம் நினைத்துப் பார்ப்பது நன்று. அதற்காக அயல்நாடு செல்வதே தகாது என்று நாம் சொல்லவில்லை. செல்லுமுன் வழியையும் வாயிலையும் அறிந்து செல்ல வேண்டும் என்பதே நம் கட்சி.

அன்றைய சண்டையும் இன்றைய நிலைமையும்

அந்நியர் கையிலிருக்கும் அளவுகோலால் நம் இளைஞர் அளக்கப்படுவது நம் தேசிய இயக்கத்தார் நன்கறிந்த சங்கதி. இந்திய சிவில் சர்வீஸ் உத்தியோகத்துக்கு 1855 முதல் போட்டிப் பரீட்சை நடந்தது. நடந்த இடமோ லண்டன். இந்தியர் எவரும் எழுதலாம் என்று சட்டம் சொல்லிற்று. எழுதவோ ஆறாயிரம் மைல் கப்பலேற வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, எழுதுவோரின் உச்ச வயது 21-லிருந்து 19-ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வயதில் அந்நிய மொழியில் தேறி, கடல் கடந்து, ஆங்கிலப் பிள்ளைகளோடு போட்டியிட எத்தனை இந்தியரால் முடியும்? சுரேந்திரநாத் பானர்ஜி 1877-ல் ஊரூராகச் சென்று இவ்வநீதியை எடுத்துரைத்தார். இந்தியாவிலும் ஏககாலத்தில் பரீட்சை நடத்த வேண்டுமென்று 1893-ல் காமன்ஸ் சபையே தீர்மானித்தது. அத்தீர்மானம் ஏட்டுச்சுரைக்காயாய்க் கிடந்து, 1922-ல்தான் அலகாபாத்தில் அப்பரீட்சை முதன்முதலாக நடந்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாமலில்லை. அன்று நம் நாட்டை நாமே நிர்வகிக்கும் உரிமைக்கு அந்நியன் பரீட்சை வைத்தான், அது அக்கிரமம். இன்று பிறர் தம் கலாசாலையில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கிறார்கள். அது அவரவர் உரிமை. ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. விதிகளை எழுதுவது அங்கே. அவற்றின் பலனை அனுபவிப்பது இங்கே. விதியை அறிந்தவன் உள்ளே போகிறான். அறியாதவன் அறிவாளியாயிருந்தும் வாயிலில் நிற்கிறான். லண்டன் பரீட்சையை எதிர்த்த நம் முன்னோர், அதன் விதிகளை வரிவரியாகப் படித்த பிறகே எதிர்த்தார்கள். அந்தப் படிப்புப் பழக்கமே இன்று நமக்கு முதலில் வேண்டுவது.

ஆங்கிலப் பரீட்சை

முதல் வாயில் மொழி. அமெரிக்காவில் 1964-ல் தொடங்கிய டோஃபல் பரீட்சையும், பிரிட்டன், ஆஸ்திரேலியா சார்பில் 1989-ல் தொடங்கிய ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையும் இவற்றுள் முக்கியமானவை. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கும் இரண்டிலும் சோதிக்கப்படுகின்றன. டோஃபலில் பகுதிக்கு 30 வீதம் மொத்தம் 120 மார்க்கு என்பது நெடுநாள் வழக்கம். 2026 ஜனவரி முதல் ஒன்று தொடங்கி ஆறு வரையிலான புதிய அளவு வந்திருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ்.-ல் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்பது வரை அளித்து, நான்கின் சராசரியை அரைப்புள்ளிக்கு முழுமையாக்குகிறார்கள். இவ்விரண்டின் மார்க்கும் இரண்டாண்டுக்குத்தான் செல்லும்.

இங்கே நம்மவர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. ஒரு மாணாக்கர் கேட்டலில் 7.5, படித்தலில் 7.5, எழுதுதலில் 5.5, பேசுதலில் 6.5 வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 6.75, அது 7 என்று எழுதப்படும். ஏழு வாங்கினோம் என்று வீட்டில் மகிழ்ச்சி. ஆனால் பல சர்வகலாசாலைகளின் விதி, மொத்தம் 6.5 இருக்க வேண்டும், எப்பகுதியிலும் 6-க்குக் குறையலாகாது என்பது. மொத்தத்தில் அரைப்புள்ளி கூடுதலாகப் பெற்றும் அவர் விண்ணப்பம் தள்ளப்படும். விதியின் முதற்பாதியை மட்டும் படித்ததன் விளைவு இது. பிசகிய ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுத 2023 முதல் இந்நாட்டில் வசதியுண்டு. அப்படி எழுதிய மார்க்கை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கலாசாலையின் இஷ்டம்.

எழுதுதலில் நம் பிள்ளைகள் பின்தங்குவதற்கு அவர்களுடைய அறிவு காரணமன்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சந்தையில் மூன்றையும் கலந்து வழங்கும் ஓசூர்ப் பிள்ளைக்கு மொழி கற்கும் ஆற்றல் எவருக்கும் குறைந்ததன்று. குறிப்புப் புத்தகத்தை நெட்டுருப் போட்டு எழுதும் வழக்கமே கேடு. தன் கருத்தைத் தன் வாக்கியத்தில் காரணத்தோடு எழுதும் பயிற்சி நம் பள்ளிகளில் தமிழிலேயே இல்லை. பிறகு ஆங்கிலத்தில் எங்கிருந்து வரும்? தமிழில் ஒரு பக்கம் தெளிவாக எழுதப் பழகியவன், ஆங்கிலத்திலும் விரைவில் எழுதுவான் என்பதே நம் துணிபு.

மார்க்குக்கு மார்க்கு வேற்றுமை

இரண்டாவது வாயில் படிப்பின் மார்க்கு. நூற்றுக்கு எண்பது என்றால் உலகெங்கும் எண்பதுதானே என்று நினைப்பது தவறு. ஜெர்மனியில் உத்தமத் தேர்ச்சி 1. கடைநிலைத் தேர்ச்சி 4. எண் குறையக் குறையச் சிறப்பு. நம் மார்க்கை அவ்வெண்ணாக மாற்றப் பல கலாசாலைகள் ஒரு கணக்கை வழங்குகின்றன. உச்ச மார்க்கிலிருந்து மாணாக்கர் பெற்றதைக் கழித்து, உச்ச மார்க்குக்கும் தேர்ச்சி மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 50 தேர்ச்சி மார்க்காயுள்ள இடத்தில் 80 வாங்கியவருக்கு 2.2 வரும். 40 தேர்ச்சி மார்க்காயுள்ள இடத்தில் அதே 80 வாங்கியவருக்கு 2.0 வரும். 2.5 வேண்டும் என்று கேட்குமிடத்தில் முன்னவருக்கு 75 தேவை. பின்னவருக்கு 70 போதும். தம் மார்க்குப் பத்திரத்தில் தேர்ச்சி மார்க்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்பதைக்கூடப் பாராமல், தகுதியில்லை என்று சோர்பவரும், தகுதி உண்டு என்று பணம் கட்டி ஏமாறுபவரும் எத்தனை பேர்!

படித்த ஆண்டுகளும் கணக்கில் வருகின்றன. அமெரிக்கச் சர்வகலாசாலைகளில் பல, மேற்படிப்புக்குப் பதினாறு ஆண்டுக் கல்வி கேட்கின்றன. நம் மூன்றாண்டு பி.எஸ்ஸி. பட்டதாரிக்குப் பதினைந்தே ஆண்டுகள் ஆகின்றன. பிரிட்டனில் அந்தத் தடை பெரிதன்று. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக்கில் பயின்று, பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாமாண்டில் சேர்ந்து முடித்தவருக்குப் பதினாறு ஆண்டு நிரம்பிவிடுகிறது. ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் இவ்வழியே வருவோர் பலராதலின் இதை விசேஷமாகச் சொல்கிறோம். தாம் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்காதவர் என்பதற்காக அவர்கள் தாமாகவே பின்வாங்க வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனேயே ஜெர்மனி செல்ல நினைப்பவருக்கோ நிலைமை வேறு. இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஓராண்டாவது பட்டப்படிப்பில் தேறியிருத்தல், அல்லது ஐ.ஐ.டி.க்குரிய ஜே.இ.இ. மேனிலைப் பரீட்சையில் தேறியிருத்தல், அல்லது அங்கே சென்று ஓராண்டு ஆயத்த வகுப்பில் பயின்று தேறுதல் என்பவற்றுள் ஒன்று வேண்டும்.

அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. பரீட்சை 1930-களில் பிறந்தது. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மார்க்கு. எழுத்துக்கு ஆறு வரை. 2023 செப்டம்பரில் அதன் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டு இரண்டு மணிக்குள் வந்துவிட்டது. இம்மார்க்கு ஐந்தாண்டு செல்லும். 2020-ன் கொள்ளைநோய்க் காலத்தில் பல கலாசாலைகள் இப்பரீட்சை வேண்டா என்றன. பட்டப்படிப்புக்கான எஸ்.ஏ.டி. பரீட்சையையும் அவ்வாறே நீக்கிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையம் 2022-லும், ஹார்வர்டும் யேலும் 2024-லும் மீண்டும் கேட்கத் தொடங்கின. ஓராண்டுக்கு முன் சென்றவனின் அனுபவம் அடுத்த ஆண்டு செல்பவனுக்கு விதியாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பத்திரங்களும் பணமும்

மார்க்கு இருந்தும் பத்திரம் இல்லாமல் நிற்பவருண்டு. ஜெர்மனி செல்லும் இந்திய மாணாக்கரின் சான்றிதழ்களைச் சோதித்துத் தரும் ஏ.பி.எஸ். பத்திரம் 2022 நவம்பர் முதல் கட்டாயமாயிற்று. அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். அங்கே பெரும்பாலான சர்க்கார் கலாசாலைகளில் போதனைச் சம்பளம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பர்க் மாகாணம் 2017 முதல் ஐரோப்பியர் அல்லாதாரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பச் சர்வகலாசாலையும் 2024 முதல் வாங்கத் தலைப்பட்டது. சம்பளம் இல்லாவிட்டாலும் ஜீவனத்துக்குப் பணம் உண்டென்று காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் வகுத்தபடி அத்தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ. நம் நாணயத்தில் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். இலவசக் கல்வி என்ற சொல்லைக் கேட்டு மயங்குவோர் இத்தொகையையும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்ற தேசங்களிலும் கதவுகள் சிறுத்து வருகின்றன. கானடா 2024 ஜனவரியில் மாணாக்கர் தொகைக்கு வரம்பு கட்டி, மாகாணத்தின் சம்மதப் பத்திரமும் வேண்டும் என்றது. இந்தியருக்கு உதவியாயிருந்த விரைவு அனுமதி வழியை அவ்வாண்டு நவம்பரில் அடைத்தது. ஆஸ்திரேலியா விசாக் கட்டணத்தை 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 டாலராக உயர்த்தி, அடுத்த ஆண்டே 2,000 ஆக்கிற்று. அமெரிக்கா 2025 ஜூன் முதல், மாணவ விசா கேட்போர் தம் சமூக வலைத்தளக் கணக்குகளை அதிகாரிகள் பார்க்கத்தக்கவாறு திறந்து வைக்க வேண்டும் என்கிறது. ஒருவன் என்ன எழுதினான், எதை விரும்பினான் என்பதும் இப்போது ஒரு பரீட்சை! எல்லைப்புறத்தாருக்கு வேறொரு தொல்லை. 2025 ஜனவரியில் பெங்களூரில் அமெரிக்கத் துணைத்தூதரகம் திறக்கப்பட்டது. ஆனால் திறந்தபோது அங்கே விசா வழங்கும் வேலை வைக்கப்படவில்லை. நாற்பது கிலோமீட்டரில் தூதரகம். விசாவுக்கோ முந்நூறு கிலோமீட்டர் சென்னைப் பிரயாணம்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வரும்? பாங்கியில் ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பது வழக்கம். ஆகையால் சூளகிரியிலும் தேன்கனிக்கோட்டையிலும் பர்கூரிலும் இருப்பவர்க்கு ஈடாவது, மூதாதையர் விட்டுச்சென்ற காடும் தோப்புமே. பிள்ளை தேறி வேலை பெற்றால் அது மீளும். பாதியில் திரும்பினால்? அங்கே இழந்தது ஒரு வருஷம். இங்கே இழந்தது ஒரு குடும்பத்தின் ஜீவாதாரம். இக்காரணத்தால்தான் மார்க்கு, விதி, பத்திரம் என்னும் வறண்ட விஷயங்களை இத்தனை விரிவாக எழுத நேர்ந்தது.

வைத்தியப் படிப்பின் எச்சரிக்கை

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் வைத்தியப் படிப்பில் இருக்கிறது. 2018 முதல், அயல்நாட்டில் வைத்தியம் படித்து இங்கே தொழில் செய்ய விரும்புவோர் செல்லுமுன்னரே நீட் பரீட்சையில் தேறியிருத்தல் வேண்டும். 2021 நவம்பரில் வந்த விதிகள் மேலும் கடுமையானவை. படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமலும் ஆங்கில வாயிலாகவும் இருத்தல் வேண்டும். அக்கலாசாலையிலேயே 12 மாதம் பயிற்சி. திரும்பியபின் இங்கே மீண்டும் 12 மாதம் பயிற்சி. அந்நாட்டில் அந்நாட்டாரைப் போலவே தொழில் செய்ய உரிமை தரும் படிப்பாயிருத்தலும் அவசியம். இவை யாவும் பொருந்தினாலும், இங்கே நடக்கும் சோதனைப் பரீட்சையில் 300-க்கு 150 வாங்க வேண்டும். 2024 ஜூன் தவணைக்குரிய அப்பரீட்சையை எழுதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறினர். மற்ற நால்வரின் பெற்றோர் செலவிட்ட பணத்தை யார் திருப்பிக் கொடுப்பார்? குறைந்த செலவில் டாக்டர் என்று விளம்பரம் செய்வோர், இந்த எண்ணை விளம்பரத்தில் போடுவதில்லை. பணம் கட்டுமுன் இந்த எண்ணைக் கேட்பது பெற்றோர் கடமை.

தரகர் விஷயம்

தரகர் எல்லாரையும் மோசக்காரர் என்று நாம் சொல்லமாட்டோம். நாணயமாக உழைப்பவரும் உளர். ஆனால் அவர்களில் பலருக்கு, மாணாக்கரைச் சேர்த்துவிட்டதற்காக அயல்நாட்டுக் கலாசாலை தரகுப் பணம் தருகிறது என்பதை நம்மவர் அறிய வேண்டும். தரகு தரும் கலாசாலையே சிறந்தது என்று அவர் சொல்வதில் ஆச்சரியமில்லை; ஒருவன் இரண்டு எஜமானர்க்கு ஊழியம் செய்தல் அரிது. 2023-ல், போலி அனுமதிக் கடிதத்தோடு கானடா சென்றிருந்ததாகப் பஞ்சாப் முதலிய இடங்களின் மாணாக்கர் பலர் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். கடிதம் போலி என்பதே தமக்குத் தெரியாது, ஏஜெண்டு தந்ததை நம்பினோம் என்று அவர்கள் கதறினார்கள். கலாசாலைக்கு நேரே ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய சங்கதி அது.

இன்னொரு கேடும் உண்டு. ஏன் இப்பாடத்தைப் படிக்க விரும்புகிறாய் என்று மாணாக்கர் தம் கையால் எழுத வேண்டிய நோக்க விளக்கத்தைக் கூலிக்கு எழுதி வாங்குகிறார்கள். ஆசிரியர் தர வேண்டிய பரிந்துரைக் கடிதத்தையும் மாணாக்கரே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். இது மாணாக்கர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வதாகும். ஓசூர் ஆலை ஒன்றில் பயிற்சிக்குச் சென்று, ஒரு யந்திரத்தின் குறையைக் கண்டு, அதைத் தீர்க்கும் வழியை நினைத்த மாணவி, அதைத் தம் சொந்த வார்த்தையில் நேர்மையாக எழுதினால், ஆயிரம் பேருக்கு ஒரே அச்சில் வார்த்த ஆங்கில அலங்காரத்தைவிட அதற்கு மதிப்புண்டு.

பரீட்சைக்கு அப்பால்

மார்க்கே மனிதன் என்று எண்ணுவோருக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறோம். ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறி, எஃப்.ஏ. பரீட்சையில் தேறாமற் போனார். பட்டம் இல்லை, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. 1913-ல் அவர் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜின் ஹார்டி படித்தார். விதியைப் பாராமல் விஷயத்தைப் பார்த்தார். சென்னைச் சர்வகலாசாலையும் தன் விதிகளை வளைத்து மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. பின்னர் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்துச் சீமைக்கு அனுப்பிற்று. 1914 மார்ச்சில் கப்பலேறியவர், 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். வழக்கமான பத்திரங்கள் இல்லாதவரையும் கேம்பிரிட்ஜ் சேர்த்துக்கொண்டது என்பதைவிட, அவரைக் கைதூக்கிவிடச் சென்னையில் பொது ஸ்தாபனம் ஒன்று இருந்தது என்பதே நாம் கவனிக்கற்பாலது. டாக்டர் அம்பேத்கர் 1913-ல் அமெரிக்கக் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்றதும் பரோடா மன்னர் அளித்த உபகாரச் சம்பளத்தால்தான். ஏழையின் மேதைக்குத் தரகர் துணையன்று, பொது உதவியே துணை.

அவ்வுதவி இன்று அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. மத்திய சர்க்காரின் தேசிய அயல்நாட்டு உபகாரச் சம்பளத்தில் ஆதிதிராவிடர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைத்தொழிலாளர் குடும்பத்தார்க்கென 125 இடங்கள் உண்டு. 60 சதவீத மார்க்கு, 35-க்கு உட்பட்ட வயது, எட்டு லட்சத்துக்கு மேற்படாத குடும்ப வருமானம், உலக வரிசையில் முதல் 500-க்குள் உள்ள கலாசாலை என்பன நிபந்தனைகள். ஆனால் இத்தனை பெரிய தேசத்துக்கு 125 எம்மாத்திரம்? சிறுபான்மையோரின் கல்விக் கடனுக்கு வட்டி உதவிய மத்திய திட்டமும் 2022-23-ல் நிறுத்தப்பட்டது. மாநில சர்க்காரும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணாக்கருக்கு அயல்நாட்டு உபகாரச் சம்பளம் வைத்திருக்கிறது. சர்க்கார் பள்ளி மாணாக்கர் சிலர் தைவான் நாட்டுக் கலாசாலைகளுக்கு உபகாரச் சம்பளத்தோடு சென்றிருக்கிறார்கள். வழி காட்டினால் நம் பிள்ளைகள் போவார்கள் என்பது இதனால் ருசுவாகிறது. அஞ்செட்டி மலைச்சரிவிலும் தளியிலும் உள்ள பள்ளிகளுக்கு இச்செய்தி எட்ட வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஆகவே நாம் கோருவன சில. முதலாவது, ஜில்லா நூலகத்திலோ வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ ஊதியம் பெறும் உத்தியோகஸ்தர் ஒருவர் அமர்ந்து, எந்தத் தேசத்துக்கு எந்தப் பரீட்சை, எவ்வளவு மார்க்கு, எந்தப் பத்திரம் என்பதைத் தமிழிலும், வேண்டுவோர்க்குத் தெலுங்கு, கன்னடத்திலும் இலவசமாகச் சொல்ல வேண்டும். விதி மாறுந்தோறும் அதை அச்சிட்டுப் பலகையில் ஒட்ட வேண்டும். இரண்டாவது, மார்க்குப் பத்திரப் பிரதிகளைத் தாமதமின்றி அனுப்புவதும், தேர்ச்சி மார்க்கை அவற்றில் தெளிவாகக் குறிப்பதும் நம் சர்வகலாசாலைகளின் கடமையாக வேண்டும். மூன்றாவது, பரீட்சைக் கட்டணமே பல ஆயிரம் ரூபாய் ஆகிறபடியால், ஏழை மாணாக்கருக்கு முதற்பரீட்சைக் கட்டணத்தைக் கடனாகவேனும் தர வேண்டும். ஓசூர் ஆலை முதலாளிகள் தம் லாபத்தில் சமூகப் பணிக்கென ஒதுக்கும் பங்கில் ஒரு சிறு துளி இதற்குப் போதும். தொழிற்சங்கங்களும் கூலி, போனஸ் கேட்பதோடு இதையும் கேட்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இக்கலாசாலையின் பெயர் அந்நாட்டு சர்க்காரின் ஜாபிதாவில் உண்டா? விதி எழுதியுள்ள இடத்தைக் கலாசாலையின் சொந்த வெளியீட்டில் காட்ட முடியுமா? இப்பட்டம் இந்தியாவில் செல்லுமா? பிள்ளை பாதியில் திரும்ப நேர்ந்தால் எவ்வளவு பணம் திரும்பும்? இந்நான்குக்கும் எழுத்து மூலம் விடை தராதவரிடம் பத்து ரூபாயும் கொடாதீர்கள்.

தேச ஊழியர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-ல் இந்தியர் அயல்நாடு சென்று படிக்கக் கடனுதவி நிதி ஒன்றை நிறுவினார். அதோடு நின்றாரில்லை; அத்தகைய கல்வி இந்நாட்டிலேயே கிடைக்க வேண்டுமென்று ஒரு விஞ்ஞான நிலையத்தையும் எண்ணினார். அவர் காலமான பின், மைசூர் மன்னர் அளித்த நிலத்தில், 1909-ல் அது பெங்களூரில் எழுந்தது. அனுப்புவதும் கட்டுவதும் இரண்டு கையாகச் செய்த காரியம் அது. அந்த இந்திய விஞ்ஞான நிலையம் ஓசூருக்கு ஒரு பகற்பிரயாண தூரங்கூட இல்லை. அதே டாட்டா குழுவின் கடிகாரங்களும் மின்னணுப் பொருள்களும் ஓசூரில் உண்டாகின்றன. பொருள் செய்யும் ஆலை இங்கே வந்தது போல, அறிவு செய்யும் ஆலையும் இந்த ஜில்லாவுக்கு வர வேண்டாமா? போகிறவர்க்கு வழி சொல்வது இன்றைய கடமை. போக வேண்டிய அவசியமே குறையும்படி உயர்ந்த ஆராய்ச்சிக் கலாசாலைகளை எல்லைப்புறத்தில் கட்டுவது நாளைய கடமை. இவ்விரண்டையும் சட்டசபையிலும் நகரசபையிலும் சங்கங்களிலும் இடைவிடாது வற்புறுத்துமாறு நம் வாசகரை வேண்டிக்கொள்கிறோம்.